அலுகோசு வேலைக்கு என் மகன் போகலாமா?

கேள்வி:

மதிப்புக்குரிய சட்டத்தரணி ஐயா அவர்களுக்கு,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மூத்தவனுக்கு 23 வயது. சாதாரண தரம் பாஸ் பண்ணிவிட்டு ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். கடையில் நின்று நின்று சிங்களமும் நன்றாக வரும். அவனோடு படித்த பையன் ஒருவன் ஐஸ் போதையில் விழுந்து போன வருடம் செத்துவிட்டான். அன்றிலிருந்து இவன் பேச்சே மாறிவிட்டது. "தூள் விற்கிறவனையெல்லாம் தூக்கில் போடணும். போட ஆள் இல்லையென்றால் நான் போடுகிறேன். அடுத்த தடவை தூக்குப் போடுகிற அலுகோசு வேலைக்கு ஆள் கேட்டால் அப்ளிகேஷன் போடுவேன்" என்கிறான். அவன் அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம் என்றால் போதும். "கொல்லச் சொல்வது அரசாங்கம், பாவம் அவர்களுக்குத்தான், நமக்கு பென்ஷன்" என்கிறார். பொலிசில் இருக்கும் என் கொழுந்தனும் "மேலிடத்து ஓடர் என்றால் நம் தலையில் விழாது" என்று ஒத்து ஊதுகிறார். குறளிலேயே கொலைகாரனைத் தண்டிப்பது களை பிடுங்குவது மாதிரி என்று இருக்கிறதாம். மாமியார் இப்போதே இவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. ஐயா, ஆளைக் கொல்ல அரசாங்கத்துக்கு உரிமை இருக்கிறதா? அரசாங்கம் சொல்லிக் கொன்றால் பாவம் யாருக்கு? சேர்ந்த பிறகு முடியாது என்று வந்துவிடலாமா?

ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்:

அம்மா,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குத்தான் பதில் சுலபம். வந்துவிடலாம். 2014 இல் அலுகோசாக நியமனம் பெற்ற ஒருவர் தூக்குமேடையை நேரில் பார்த்த கையோடு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவரையும் அவர் தூக்கிலிடவில்லை. பார்த்ததோடு சரி.

மகனுக்குச் சொல்வதற்காக மற்ற விவரத்தையும் எழுதுகிறேன். 2019 பெப்ரவரியில் சிறைச்சாலைகள் திணைக்களம் இந்த வேலைக்கு விளம்பரம் போட்டது. ஆணாக இருக்க வேண்டும், 18 இலிருந்து 45 வயதுக்குள், நல்லொழுக்கம் வேண்டும், மனத்திடம் வேண்டும். சம்பளம் 36,000 ரூபாய்க்குச் சற்று மேலே. கழுத்தில் கயிறு மாட்ட ஆள் தேடும்போது நல்லொழுக்கம் கேட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். அந்த ஜூன் கடைசியில், அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண தண்டனைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டதாக அறிவித்தார். ஜூலை 5 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2022 ஓகஸ்டில், அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க, மரண தண்டனையை நிறைவேற்றத் தான் கையெழுத்திடப் போவதில்லை என்று சட்டமா அதிபர் மூலம் அதே நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். இந்த நாட்டில் கடைசியாக ஓர் ஆளைத் தூக்கிலிட்டது 1976 ஜூன் 23 ஆம் திகதி. தீர்ப்புகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன.

இதைப் படித்தால் உங்கள் வீட்டுக்காரர் இன்னும் சந்தோஷப்படுவார் என்று தெரியும். வேலையே இல்லாத வேலை, மாதம் முடிந்தால் சம்பளம். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் இன்றைக்குப் பேர் விழுமா என்று முப்பது வருடம் பயந்த மனிதருக்கு அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் வளர்ந்த என் அப்பாவும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார். ஆனால் அந்தச் சம்பளம் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள். ஒரு நாள் விடியற்காலையில் கூப்பிட்டால் போக வேண்டும் என்பதற்காக. அந்த நாள் வரக் கூடாது, வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வருடக்கணக்கில் வாங்கும் சம்பளம் அது.

சரி, பாவத்துக்கு வருகிறேன். பாவ புண்ணியம் என் தொழில் இல்லை. அதற்குக் கோயில் ஐயர் இருக்கிறார், பாதிரியார் இருக்கிறார். எனக்குத் தெரிந்தது குற்றம். இரண்டும் ஒன்றென்று உங்கள் கொழுந்தன் நினைத்துக்கொண்டிருக்கிறார். குற்றத்திலும் அவருக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது.

1883 இல் வந்த தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் நடக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தி ஒருவர் செய்யும் காரியம் குற்றமாகாது என்று அதன் 69 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஒழுங்கான தீர்ப்பும் ஒழுங்கான கையெழுத்தும் இருந்தால், கயிற்றைப் போடும் அலுகோசு கொலைகாரன் ஆகமாட்டான். அந்த அளவுக்கு உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரி. அதே பிரிவில் ஓர் உதாரணமும் உண்டு. மேலதிகாரியின் கட்டளைப்படி கூட்டத்தின்மேல் சுடும் படைவீரன் குற்றம் செய்யவில்லை என்று. கொழுந்தன் இதை எங்கேயாவது பயிற்சியில் கேட்டிருப்பார். ஆனால் அந்த வரிக்கு ஒரு வால் இருக்கிறது: "சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்க." கட்டளை சட்டத்துக்குள் இருந்தால்தான் குடை விரியும். பெரிய ஐயா சொன்னார் என்பதற்காக மட்டும் விரியாது.

நம் மலையில் இது வெறும் புத்தகச் சங்கதி இல்லை. 1940 ஜனவரி 10 ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். 1977 மே 11 ஆம் திகதி, 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க வந்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டபோது டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். இரண்டு பெயரும் இன்றும் மேடைகளில் கேட்கின்றன. யார் சுட்டது என்று கேட்டால் எல்லோரும் "பொலிஸ்" என்பார்கள். அன்றைக்கு விசையை இழுத்தது ஓர் ஆளின் விரல். அந்த ஆளுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், உங்களைப் போல ஓர் அம்மா இருந்திருப்பார். அன்று இரவு அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாரா என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு.

தன் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து வந்தால் பொலிஸ்காரர் சுடலாம். அந்தத் தற்காப்பு உரிமை உங்களுக்கும் எனக்கும்கூட உண்டு. "ஒளித்து வைத்த ஆயுதத்தைக் காட்டக் கூட்டிப்போனோம், தாக்க வந்தான், சுட்டோம்" என்று பத்திரிகையில் வருகிற செய்தியை உங்கள் மகன் சந்தோஷமாக வாசிப்பான் என்று நினைக்கிறேன். அவன் வயதில் பலர் அப்படித்தான். ஆனால் பிடிபட்டவர் விசாரணைக்கு முன்பே செத்தால் அதற்குத் தண்டனை என்று பெயர் கிடையாது. தகுதிவாய்ந்த நீதிமன்றம், சட்டம் சொன்ன முறைப்படி கட்டளையிடாமல் எவரையும் மரணத்தாலோ சிறையாலோ தண்டிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 13(4) ஆம் உறுப்புரை சொல்கிறது. உயிர் வாழும் உரிமை என்று அடிப்படை உரிமைகளில் தனியாக ஒன்று எழுதப்படவில்லை, இது பலருக்குத் தெரியாது. பொலிஸ் சித்திரவதைக்குப் பிறகு விளக்கமறியலில் இறந்துபோன ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், 2003 இல் உயர் நீதிமன்றம் இந்த 13(4) க்குள்ளேயே அந்த உரிமை அடங்கியிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. "இந்த வழியாகத் தவிர கொல்லக் கூடாது" என்றால் "மற்றபடி வாழ விடு" என்றுதானே பொருள்? புருஷனை இழந்த ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய் வாங்கிக்கொடுத்த விளக்கம் அது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குச் சட்டத்தின் பதில் இப்படி வருகிறது: அரசாங்கத்துக்கு அந்த அதிகாரம் ஏட்டில் இருக்கிறது, ஆனால் ஒரே ஓர் ஒற்றையடிப் பாதையில்தான் அது போக முடியும். விலகி ஓர் அடி வைத்தாலும் அரசாங்கமும் கொலைகாரன்தான்.

இந்தப் பாதை கீறப்பட்டதே நம் மலையில்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? கண்டிக்குப் போனபோது தலதா மாளிகைக்குப் பக்கத்தில் தூண்கள் வைத்த மகுல் மடுவ மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். 1815 மார்ச் 2 ஆம் திகதி அங்கேதான் கண்டி ராச்சியத்தை வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்த உடன்படிக்கையை வாசித்தார்கள். ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவர். அதற்கு முந்திய வருடம் தன் முதன்மை மந்திரியாக இருந்த எஹலபொலவின் மனைவியையும் பிள்ளைகளையும் அவர் கொல்வித்தார். அப்பன் ராசாவுக்கு எதிராகப் போனான், பிள்ளைகள் தலை போனது. உடன்படிக்கையின் தொடக்கமே இதைப் பற்றித்தான்: விசாரணை இல்லாமல், சில வேளை குற்றச்சாட்டுக்கூட இல்லாமல் ஆட்களைக் கொன்றதால் இவர் அரசாளும் உரிமையை இழந்துவிட்டார். 6 ஆம் வாசகம் சித்திரவதையையும் அங்கம் வெட்டுவதையும் ஒழிக்கிறது. 7 ஆம் வாசகம், தேசாதிபதியின் எழுத்துமூல ஆணை இல்லாமல் எந்த மரண தண்டனையையும் நிறைவேற்றக் கூடாது என்கிறது. ஜனாதிபதி சைன் வைத்தால்தான் தூக்கு என்று இன்று பேசுகிறோமே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

எழுதியவர்கள் யோக்கியர்கள் என்று எண்ண வேண்டாம். ராசாவின் கொடுமையைக் காட்டி மலையேறியவர்கள், 1848 கிளர்ச்சியில் இராணுவச் சட்டம் போட்டு, கிளர்ச்சித் தலைவன் புரன் அப்புவை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, ஓகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். அது லண்டன் வரை நாறி, தேசாதிபதி டொரிங்டன் பிரபுவைத் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. ஆளத் தொடங்கிய எவருக்கும், தான் எழுதிய வரம்பு தன் காலிலேயே இடறும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஒரு சம்பவம் உண்டு. 1958 இல் பண்டாரநாயக்க அரசாங்கம் மரண தண்டனையைச் சட்டம் போட்டு நிறுத்தி வைத்தது. அடுத்த வருடம் செப்டெம்பரில் பண்டாரநாயக்கவே சுடப்பட்டு இறந்தார். நாடே கொதித்தது. தூக்கை அவசரமாகத் திரும்பக் கொண்டுவந்து, முன்பு நடந்த கொலைக்கும் அது செல்லும் என்று எழுதினார்கள். மூன்று பேருக்கு மரணத் தீர்ப்பு வந்தது. மேன்முறையீட்டில் நீதிபதிகள் அந்தப் புதிய சட்டத்தை எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். முன்தேதியிட்ட வாசகத்துக்குள் கொலை வந்தது, கொலைச் சதி வரவில்லை. சதிக்குத் தீர்ப்பானவர் இருவருக்கும் ஆயுள் தண்டனையாக மாறியது. சுட்ட சோமாராம தேரர் மட்டும் 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். செத்தவர் பிரதம மந்திரி, கோபத்தில் நாடு, கையில் அதிகாரம், எல்லாம் இருந்தும் ஒரு சொல் குறைந்ததால் இரண்டு உயிரை எடுக்க முடியவில்லை. சட்டக் கல்லூரியில் இதைப் படித்தபோது சட்டத்தின் ஓட்டை என்று சிரித்தோம். தொழிலுக்கு வந்த பிறகு அந்த நீதிபதிகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

ஜனாதிபதியின் கையெழுத்து உயிரை எடுக்க மட்டுமல்ல, கொடுக்கவும் உதவும். 2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் ஓர் இராணுவச் சார்ஜன்டுக்கு 2015 இல் மரண தண்டனை தீர்ப்பானது, 2019 இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சீருடை அவரை நீதிமன்றத்தில் காப்பாற்றவில்லை. 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்பு காப்பாற்றியது. அந்த மன்னிப்புக்கும் வரம்பு உண்டு என்பது பிறகு தெரிந்தது: கொலைக்காக மரண தண்டனை பெற்ற ஓர் அரசியல்வாதிக்கு 2021 இல் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. யாரைக் கொல்வது, யாரை விடுவது என்று ஒரு மனிதர் தன் இஷ்டத்துக்கு முடிவெடுத்தால் அவர் ராசா, ஜனாதிபதி இல்லை.

இவ்வளவும் சட்டம். சட்டப்படி என்றால் நியாயமாகத்தான் இருக்கும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால், அவருடைய அப்பாவின் கதையை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் முறைப்படி பாராளுமன்றத்தில் நிறைவேறியதுதான். வழக்கு அன்றைக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, அங்கேயும் செல்லும் என்றார்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தாங்கள் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்கள் ஆனார்கள். ஒப்பாரி, இந்தியாவுக்குக் கப்பல், ரயிலடியில் பிரிந்த குடும்பங்கள், எல்லாம் சட்டப்படி. 2003 இல் வந்த சட்டத்தோடுதான் மிச்சம் இருந்தவர்களுக்கும் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. பறித்த குடியுரிமையை 55 வருடம் கழித்தாவது திருப்பிக் கொடுத்தார்கள். கயிற்றில் போன உயிரை எந்த வருடத்துச் சட்டத்தால் திருப்பிக் கொடுப்பது? அரசாங்கத்துக்கு ஆளைக் கொல்லும் அதிகாரம் கொடுக்கலாமா என்ற கேள்வி வந்தால், மலையகத்தான் மற்றவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி.

குறளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருப்பது உண்மை, 550 ஆவது குறள். கொடியவரை வேந்தன் ஒறுப்பது பயிரில் களை எடுப்பதற்கு ஒப்பு. ஒறுத்தல் என்றால் தண்டித்தல். அது உயிரை எடுப்பதுதானா என்பதில் உரை எழுதியவர்களே ஒரே மாதிரிச் சொல்லவில்லை. இருக்கட்டும், கொல்வது என்றே வைத்துக்கொள்வோம். அது செங்கோன்மையின் கடைசிக் குறள். அடுத்த அதிகாரம் கொடுங்கோன்மை. அதன் முதல் குறள், குடிகளை வருத்தி முறைகெட்டு நடக்கும் வேந்தன் கொலையையே தொழிலாகக் கொண்டவரைவிடக் கொடியவன் என்கிறது. உங்களுக்கு 550 ஐச் சொன்னவர் 551 ஐயும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

களை எடுப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புல்லு வெட்டும்போது கன்றையும் சேர்த்து வெட்டி, கங்காணியிடம் ஏச்சு வாங்காதவர் தோட்டத்தில் உண்டா? எங்கள் தொழிலிலும் அப்படி வெட்டுப்படும். ஒன்றைச் சொல்கிறேன்.

மரணத் தீர்ப்பு வாசிக்கும்போது நீதிமன்றத்தில் விளக்கை அணைப்பார்கள், மின்விசிறியை நிறுத்துவார்கள். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். ஜூனியராக இருந்தபோது முதல் தடவை அப்படி நின்றேன். சுற்றிக்கொண்டிருந்த விசிறி மெல்ல மெல்ல நிற்கிற சத்தம்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நீதிபதி சொன்னது இல்லை. பல வருடம் கழித்து அதே விசிறி என் கட்சிக்காரன் ஒருவனுக்காக நின்றது. திருவிழா இரவு, லயத்து வாசலில் குடிபோதையில் சண்டை, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, ஒருவர் செத்துப்போனார். முதலில் கத்தியை எடுத்தது செத்தவர்தான், இவன் பறித்து வெட்டினான் என்று பார்த்த ஒரு கிழவி பொலிசில் தமிழில் சொன்னார். எழுதிய பொலிஸ்காரருக்குத் தமிழ் அரைகுறை. சிங்களத்தில் எழுதி, கிழவியின் பெருவிரலை அதில் பதித்து அனுப்பிவிட்டார். எழுதியதில் யார் முதலில் எடுத்தது என்பது தலைகீழாக இருந்தது. சாட்சிக்கூண்டில் கிழவி முன்பு சொன்னதையேதான் சொன்னார். அரச தரப்பு அந்தச் சிங்கள வாக்குமூலத்தைக் காட்டி, பொலிசில் ஒன்று சொன்னாய், இங்கே ஒன்று சொல்கிறாய் என்றது. கிழவி பொய்காரி ஆனார். விசிறி நின்றது.

மேன்முறையீட்டில் ஐந்து வருடம் கழித்து அது திட்டமிட்ட கொலை இல்லை, திடீர்ச் சண்டையில் நேர்ந்தது என்று ஆனது. சிறையில் மிச்ச வருடத்தைக் கழித்துவிட்டு வந்து, இப்போது மேல் டிவிஷனில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான். தீபாவளிக்கு முறுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். மேன்முறையீடு முடியாமல் யாரையும் தூக்கில் போடமாட்டார்களே என்று உங்கள் மகன் கேட்கலாம். கேட்டால் நல்லது, யோசிக்கிறான் என்று அர்த்தம். ஆனால் அந்த மேன்முறையீட்டுக்குத் தோட்டத்து ஆட்கள் சம்பளத்தில் இருந்து மாதா மாதம் பிடித்துக் காசு சேர்த்தார்கள். இரண்டு தோட்டம் சேர்ந்து. சேர்க்க ஆள் இல்லாதவர்களையும் எனக்குத் தெரியும்.

தூள் விற்கிறவர்கள் விஷயத்தில் உங்கள் மகனின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். தோழனைத் தூக்கிச் சென்று புதைத்தவன் அவன். 1984 இல் திருத்திய சட்டப்படி 2 கிராம் ஹெரோயின் கையில் இருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கொடுக்கலாம். அந்தச் சட்டத்தில் மாட்டி என் மேசைக்கு வந்தவர்களைச் சொல்லட்டுமா? ஆட்டோ ஓட்டுகிறவன். கடன்காரனுக்குப் பயந்து ஒரு பொட்டலத்தைச் சுமந்த பெண். தானே அதைக் குடித்துக் குடித்து எலும்பும் தோலுமாய்ப் போன பையன். கொள்கலனில் இறக்குகிறவன் ஒருவன்கூட என் படி ஏறியதில்லை, அவனுக்கு என்னைவிட நல்ல வக்கீல்கள் உண்டு. அலுகோசாகப் போனால் மகனுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்படும் ஆள், அவன் மனதில் நினைத்திருக்கும் ஆளாக இருக்கப் போவதில்லை. செத்துப்போன தோழனின் சாடைதான் இருக்கும்.

உங்கள் மாமியார் செய்வது தப்பு. வேலைக்கே போகாத பிள்ளை, வாயால் சொன்னதற்குத் தண்ணீர் வாங்காமல் இருந்தால் அவனுக்கு வீம்புதான் ஏறும். அதை அவருக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் மாமியார் ஒரு விஷயத்தை உடைத்துக் காட்டிவிட்டார். ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் தூக்கில் போடு, தூக்கில் போடு என்று சத்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு தடவை பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், "அலுகோசு மகனுக்கு உங்கள் மகளைக் கொடுப்பீர்களா அண்ணன்?" என்று. மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காரியம் நடக்க வேண்டும், கை மட்டும் வேறு யாருடையதாகவோ இருக்க வேண்டும். நீதிபதி தீர்ப்பை எழுதுகிறார், ஜனாதிபதி கையெழுத்துப் போடுகிறார், சனங்கள் வாக்குப் போடுகிறார்கள், கடைசியில் கழுத்தைத் தொடுகிற கை மட்டும் சம்பளத்துக்கு வந்த ஓர் ஏழையின் கை. பாவத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார். அரசாங்கம் எடுத்துக்கொள்வது வழக்கை மட்டும்தான் அம்மா. ராத்திரி தூக்கம் வராமல் எழும்பி வாசலில் உட்கார்ந்திருக்கப் போவது உங்கள் பிள்ளை.

அவனை அதட்டாதீர்கள். "நீ செத்துப்போனவனுக்காகத்தான் பேசுகிறாய், எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், அவனுக்குச் சிங்களம் நன்றாக வரும் என்று. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் சரியாக எழுதத் தெரிந்த ஆள் அன்றைக்கு அந்தப் பொலிஸ் நிலையத்தில் ஒருவர் இருந்திருந்தால், கிழவி பொய்காரி ஆகியிருக்கமாட்டார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்று ஒன்று இருக்கிறது. அதுவும் அரசாங்க உத்தியோகம்தான், அதற்கும் பென்ஷன் உண்டு என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பேச வந்தால் போதாது, எழுதவும் வாசிக்கவும் வர வேண்டும், இன்னும் படிக்கவும் வேண்டியிருக்கும். ஒரு சனிக்கிழமை அவனையும் அவன் அப்பாவையும் என்னிடம் அனுப்பிவையுங்கள். வரும்போது சாதாரண தரப் பெறுபேற்றுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், சிங்களத்துக்கு என்ன எடுத்திருக்கிறான் என்று பார்ப்போம்.